பேய் வரும் பாட்டும் பிள்ளைகளின் கேள்வியும்

தம்பி!

உத்திரமேரூர் என்றவுடன் குடவோலைதான் நினைவுக்கு வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே, முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிவைத்த எழுத்து! மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும், பெருமைதான்! ஆனால் அந்தச் சுவர் என்ன சொல்கிறது என்று முழுதும் கேட்டறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? குடத்திலே ஒருவன் பெயர் விழவேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டுமாம். சொந்த மனையிலே வீடு வேண்டுமாம். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். அத்தோடு விட்டார்களா? வேதம் ஓதியிருக்க வேண்டும், பிறருக்கு ஓதுவிக்கவும் வேண்டும்! ஏரி நீரை மடை திருப்பி, சேற்றிலே நின்று, நெல்லை விளைவித்தவன் பெயருக்கு அந்தக் குடத்திலே இடமில்லை.

அவன் வழிவந்த பிள்ளை இன்று பள்ளிக்கூடத்திலே உட்கார்ந்திருக்கிறான். கையிலே அரசு தந்த புத்தகம். அதிலே சங்கப்பாட்டு, காப்பியம், பரணி. பூட்டு உடைந்தது என்று களிப்படைகிறோம். கொஞ்சம் பொறு, தம்பி! பாட்டைக் கொடுத்தார்கள், பொருளைக் கொடுத்தார்களா? அருஞ்சொற்பொருள் மனப்பாடம், ஆசிரியர் குறிப்பு மனப்பாடம், கடையிலே வாங்கிய உரைநூல் விடை மனப்பாடம். கிளிக்குச் சொல்லிக் கொடுத்த கதை! பழைய பூட்டு கோயில் சுவரிலே தொங்கியது. புதிய பூட்டு விடைத்தாளிலே தொங்குகிறது.

“நான் பத்தாவது தாண்டாதவன், ஒரகடத்திலே ஷிப்டு முடிந்து வருகிறவன், நானா கவிதை சொல்லித் தருவது?” என்று கேட்கிறாய். நீதான்! விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தவன் அல்லவா நீ? மத்தளம் எந்த இடத்திலே வேகம் எடுக்கிறது, கூட்டம் நடுங்கியவுடன் கட்டியங்காரன் ஏன் வந்து சிரிக்க வைக்கிறான் என்பது உனக்குத் தெரியும். அந்தக் காதை ஏட்டின் மேலே வை, போதும்.

பேயிலிருந்தே தொடங்கு. பிள்ளைகளுக்குப் பேய்க்கதை என்றால் தூக்கம் போய்விடும். போகட்டும், படிப்புக்கு அதுதானே வேண்டும்!

பஞ்சத்தில் வாடிய நம் காஞ்சிக்கு அமுதசுரபி ஏந்தி வந்தாளே மணிமேகலை, அவள் கதையிலே சக்கரவாளக் கோட்டம் என்றொரு சுடுகாடு வருகிறது. சாத்தனார் அதை எப்படிக் கட்டுகிறார் பார்! மதில், நான்கு வாயில், காளி கோட்டம், இறந்தோர் நினைவுக் கட்டடங்கள். பிணத்தைச் சுடுவோர், சும்மா போட்டுவிட்டுப் போவோர், குழியிலே புதைப்போர், தாழியிலே கவிப்போர் என்று வரிசை வரிசையாகச் சொல்கிறார். அப்புறம் ஓசை. நரியின் ஊளை, கூகையின் குரல், அதற்குமேல் இன்னொரு பறவை, இன்னொரு பறவை. பேய் இன்னும் வரவில்லை, கவனித்தாயா? கண்ணுக்கு ஒன்றும் காட்டாமல் காதை முதலிலே பிடித்துக்கொண்டார் புலவர். அந்த வழியே தனியாக வருகிறான் சார்ங்கலன் என்ற பார்ப்பனச் சிறுவன். பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுகிறது பேய். கண்டான், ஓடினான், தாயிடம் சொன்னான், மாண்டான்.

இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்: “அவனைக் கொன்றது யார்?” பேய் என்று சட்டென்று சொல்வார்கள் பிள்ளைகள். மேலே படிக்கச் சொல். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். அந்தத் தெய்வமே சொல்கிறது, பேய் உயிரை உண்பதில்லை என்று! அவன் அறியாமையையும் ஊழ்வினையையும் காரணமாகக் காட்டுகிறது. ஊழ் என்பதை நாம் ஒப்பவில்லை. அது சாத்தனாரோடு நமக்குள்ள வழக்கு, இருக்கட்டும். ஆனால் பேய் கொல்லாது என்று சுடுகாட்டின் நடுவிலேயே நின்று காப்பியம் சொல்கிறதே! இதை மனப்பாடம் செய்து எழுதியவன் அக்காளுக்கு இழுப்பு வந்தால் மருத்துவமனைக்கு ஓடாமல், பேயோட்டியின் வேப்பிலைக்கு ஒரு மாதக் கூலியைக் கொடுத்துவிட்டு நிற்கிறானே, அது ஏன்? பாட்டுப் படித்தான், படித்ததை ஆராயவில்லை.

அடுத்தது கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்கன் காஞ்சியில் இருந்தபோது, கலிங்கன் திறை கட்டவில்லை என்று சேதி வர, கருணாகரத் தொண்டைமான் படையோடு கிளம்புகிறான். ஆனால் செயங்கொண்டார் கதையை யார் வாயால் சொல்கிறார்? பேய்களின் வாயால்! பசியால் வயிறு ஒட்டிய பேய்கள், காளியிடம் குறை சொல்லி அழும் பேய்கள். போர் முடிந்ததும் களத்திலே கூழ் சமைக்கின்றன. செத்தவர் பல்லே அரிசி, முரசே உரல், யானைக் கொம்பே உலக்கை. அரசனை வாழ்த்தி வள்ளைப்பாட்டு வேறு! அச்சமா, சிரிப்பா என்று கேட்டால் வகுப்பே இரண்டாகப் பிரியும். பிரியட்டும், எந்தச் சொல் சிரிக்க வைத்தது, எந்தச் சொல் நடுங்க வைத்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல். நம் வீட்டு அடுப்படிச் சாமான்களைப் போர்க்களத்திலே கொண்டுபோய் வைத்ததல்லவா சூட்சுமம்! கூழ் ஊற்றும் இடத்திலே பார்ப்பனப் பேய் தனி, சமணப் பேய் தனி, புத்தப் பேய் தனி. செத்த பிறகும் வேற்றுமை சாகவில்லை, தம்பி! புலவர் கேலி செய்கிறாரா, வழக்கத்தைச் சொல்கிறாரா? இதற்கு உரைநூலிலே விடை தேடாதே, பிள்ளையிடம் கேள்.

மேல்நாட்டிலே இவ்வகைக் கதைக்குக் கோதிக் என்று பெயர். 1764-இல் ஹோரஸ் வால்போல் தொடங்கி வைத்தது. பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, பிரபு வீட்டுப் பழைய பாவம். பேய் அங்கே பெரும்பாலும் அநீதியின் சாட்சி! 1818-இல் மேரி ஷெல்லி எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையைப் புதுமைப்பித்தன் ‘பிரேத மனிதன்’ என்று தமிழிலே தந்தார். படைத்தவனே வெறுத்து ஒதுக்க, ஒளிந்திருந்து கேட்டே மொழி கற்ற உயிர் அது. யார் அரக்கன் என்று கேட்டால் சேரிப் பிள்ளை சொல்லும் விடை ஒன்றாக இருக்கும், மாளிகைப் பிள்ளை சொல்வது வேறாக இருக்கும். அவரே எழுதிய ‘காஞ்சனை’யில் வாடையாலேயே அச்சத்தைக் கிளப்பிவிட்டு, பேய் உண்டா இல்லையா என்று கடைசிவரை சொல்லாமல் நழுவிவிடுகிறார். பகுத்தறிவாளனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஆனாலும் அந்த நழுவல் எந்த வாக்கியத்திலே நடக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் நல்ல பயிற்சி.

நம் படிப்பகங்களிலே ஏடுகள் வருகின்றன, கேரம் பலகை இருக்கிறது, மாலையிலே விளக்கும் எரிகிறது. வாரத்திலே ஒருநாள் ஒரு மணிநேரம் பலகையை ஓரமாக வை. பிள்ளைகளைப் பாடப்புத்தகத்தோடு கூப்பிடு. ஒருவன் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்கட்டும். உனக்குப் பொருள் தெரியாத சொல் வந்தால் வெட்கப்படாதே. அகராதி ஒன்று வாங்கி வை, அவர்களே புரட்டுவார்கள். கோடம்பாக்கத்துப் பேய்ப்படங்களையும் பேச்சிலே இழுப்பார்கள், தடுக்காதே. பாட்டின் பொருளை மட்டும் நீ முந்திச் சொல்லிவிடாதே. சார்ங்கலன் கதையிலே தொடங்கலாம். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.