மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வின் மதிப்பும்

ஓர் ஆய்வாளரைப் பற்றி அறிய விழைவோர் இக்காலத்தில் முதலில் நாடுவது அவருடைய வெளியீட்டுப் பட்டியலையும் மேற்கோள் எண்ணிக்கையையுமே. அவர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், பிற ஆய்வாளர்கள் அவற்றை எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்னும் எண்கள், பணி நியமனத்தையும் ஆய்வு நிதியையும்கூடத் தீர்மானிப்பதுண்டு. அவ்வெண்கள் எதை உணர்த்துகின்றன, எதை உணர்த்துவதில்லை என்பதைக் கண் மருத்துவ ஆய்வு ஒன்றின் வரலாற்றைக் கொண்டு காண்போம்.

அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எவ்வாறு பயன்படுத்தினர் எனத் தேடிக் கண்டறிய அது உதவிற்று. தேடலுக்கு உதவிய அக்கருவியே நாளடைவில் ஆளை அளக்கும் கோலாகவும் மாறிற்று. 2005இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் எச்-சுட்டெண்ணை முன்மொழிந்தார். ஒருவருடைய சுட்டெண் 20 எனில், அவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோளாக எடுத்தாளப்பட்டுள்ளன என்பது பொருள். இக்கணக்கில் 20 மேற்கோள் பெற்ற கட்டுரையும் 2,000 மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்றாகவே எண்ணப்படும்.

இனி அவ்வரலாற்றுக்கு வருவோம். வைட்டமின் ஏ என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும். குறைபாடு முற்றினால் பார்வையே பறிபோகும். கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சாமர் இந்நோயை இந்தோனேசியச் சிற்றூர்களில் ஆராய்ந்தார். கண்களைப் பற்றித் திரட்டிய தரவுகளில் அவரும் அவருடைய குழுவினரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். குறைபாட்டின் தொடக்க அறிகுறிகள் மட்டுமே கண்ணில் தென்பட்ட குழந்தைகள், நலமான கண்களுடைய குழந்தைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இறந்திருந்தனர். இம்முடிவு 1983இல் லான்செட் ஆய்விதழில் வெளியாயிற்று. பின்னர் வட சுமத்திராவில் 450 சிற்றூர்களில் நடந்த ஆய்வில், ஆறு மாத இடைவெளியில் இச்சத்து மாத்திரை வழங்கப்பட்ட ஊர்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது 1986இல் வெளியாயிற்று.

மலிவான ஒரு மாத்திரை இத்துணை உயிர்களைக் காக்குமா என்று பலர் ஐயுற்றனர். ஐயம் அறிவியலில் குற்றமன்று. அதனைத் தீர்க்க வேறு இடங்களில் சோதனைகள் நடைபெற்றன. தமிழகத்தின் திருச்சி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த இலட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் 15,419 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் குறைவாக இருந்ததென 1990இல் அவர்கள் அறிவித்தனர். அதே ஆண்டில் வெளியான ஹைதராபாத் ஆய்வோ இறப்பில் வேறுபாடு எதனையும் காணவில்லை. 1993இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து மதிப்பிட்டபோது, இறப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. 2013இல் வெளியான, உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ ஒரு மில்லியன் சிறார்களிடையே நடந்த ஆய்வில் பெரும்பயன் தென்படவில்லை. அவ்வாய்வு நிகழ்த்தப்பட்ட முறையைச் சாமர் உள்ளிட்டோர் வினவினர். இக்குறைபாடு பொதுச் சுகாதாரச் சிக்கலாக உள்ள நாடுகளில், 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு இச்சத்தினை வழங்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது.

இப்போது எண்ணிக்கைக்குத் திரும்புவோம். சாமரின் முடிவை உறுதிசெய்த திருச்சிக் கட்டுரை அவரை மேற்கோள் காட்டினால் கணக்கில் ஒன்று கூடும். அம்முடிவுக்கு மாறான கட்டுரை மேற்கோள் காட்டினாலும் ஒன்றே கூடும். உடன்பாடும் மறுப்பும் அங்கே ஒரே எடை பெறுகின்றன. எத்தனை பேர் ஓர் ஆய்வைத் திரும்பிப் பார்த்தனர் என்பதை எண் கூறும். பார்த்தவர்கள் என்ன கண்டனர் என்பதைக் கூறாது. மேலும், ஆய்வாளர் பலர் உழைக்கும் துறையில் மேற்கோள் விரைந்து பெருகும். சிலரே உழைக்கும் துறையில் அது மெல்லவே வளரும். ஆதலால் ஒரு துறையின் எண்ணை மற்றொரு துறையின் எண்ணோடு ஒப்பிடுதல் முறையன்று.

இதனால் எண்கள் பயனற்றவை என்பது கருத்தன்று. எக்கட்டுரையைத் தேடிப் படிக்கவேண்டும் என்பதை அவை சுட்டும். மாணவர்கள் ஒரு கட்டுரைக்குரிய மேற்கோள்களில் இரண்டையாவது எடுத்து, அவற்றுள் ஒன்று அதனை ஏற்கிறதா, மற்றொன்று மறுக்கிறதா எனப் படித்தறியப் பழகவேண்டும். ஆசிரியர்கள் ஒப்படைப்புகளை மதிப்பிடும்போது, மேற்கோள்கள் எத்தனை என்பதோடு நில்லாது, அவை எதற்காக எடுத்தாளப்பட்டன என்றும் வினவுதல் நன்று. பிறர் சோதித்துப் பார்த்த பின்னும் நிலைத்து நிற்கும் முடிவே ஓர் ஆய்வாளரின் உண்மையான ஈட்டம். அதனை அறியக் கட்டுரைகளைப் படிப்பதன்றி வேறு வழியில்லை.