பனிச்சரிவு இடர் மதிப்பீடு

பனிச்சரிவு இடர் மதிப்பீடு என்பது, பனி மூடிய மலைச்சரிவு ஒன்று தன்மேல் வரும் ஆளின் எடையைத் தாங்குமா, உடைந்து சரியுமா என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறையாகும். மலையேறுவோர், எல்லையில் பணிபுரியும் படையினர், பராமரிப்பற்ற சரிவுகளில் பனிச்சறுக்கு செய்வோர் ஆகியோருக்கு இது இன்றியமையாதது.

தமிழில் பனி என்னும் சொல் பலவற்றைக் குறிக்கும். மார்கழி விடியலில் திருவரங்கத்தில் காவிரியின்மேல் நிற்பது மூடுபனி. புல் நுனியில் காண்பது பனித்துளி. இக்கட்டுரையில் பனி என்பது வானிலிருந்து படிகங்களாக விழுந்து தரையில் அடுக்கடுக்காகப் படியும் வெண்பனியையே குறிக்கும்.

சரிவு உண்டாகும் விதம்

கொள்ளிடத்து உலர்மணலைக் குவித்தால், அக்குவியல் ஏறத்தாழ 30 முதல் 35 பாகைச் சாய்வுக்கு மேல் நிற்பதில்லை. உச்சியில் மேலும் ஒரு பிடி இட்டால் அது ஒரு புள்ளியில் தொடங்கி விரிந்து வழியும். புதிதாகப் பெய்த பனி இவ்வாறு வழிவது உதிரிச் சரிவு எனப்படும். இது பெரும்பாலும் சிறியது.

உயிரிழப்பை மிகுதியாக ஏற்படுத்துவது பாளச் சரிவு ஆகும். பனித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால், மணல் நிற்காத செங்குத்திலும் பனி நிற்கும். மேலே இறுகிய பாளமும் அதற்கு அடியில் நலிந்த அடுக்கும் அமைந்துவிட்டால் இடர் தொடங்குகிறது. நலிந்த அடுக்கில் ஓரிடத்தில் ஏற்படும் முறிவு நொடிப்பொழுதில் பக்கவாட்டில் ஓடி, பாளம் முழுவதையும் விடுவிக்கிறது. சறுக்குபவர் அப்போது அப்பாளத்தின் நடுவிலேயே நிற்கக்கூடும். பொழுதுபோக்குப் பயணங்களில் நேரும் உயிரிழப்புகளில் பெரும்பாலானவற்றில், சரிவைத் தூண்டியவர் இறந்தவரோ அவருடன் வந்தவரோ ஆவர்.

நலிந்த அடுக்கு தோன்றும் முறை கவனிக்கத்தக்கது. பனிக்கு அடியிலுள்ள தரை ஏறத்தாழ 0 பாகை செல்சியசில் இருக்கும்; மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் மிகவும் குளிர்ந்துவிடும். 10 செ.மீ. தடிப்புக்கு 1 பாகைக்கு மேல் வெப்பநிலை வேறுபட்டால், நீராவி கீழிருந்து மேலேறித் துகள்களைக் கற்கண்டு போன்ற கோணப் படிகங்களாக மாற்றுகிறது. இப்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பனி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவாக இம்மாற்றம் நிகழும். எனவே, பனி குறைந்த ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்று கருதுவது தவறு.

கள மதிப்பீடு

முதலில் பார்க்க வேண்டியது சாய்வு. பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் தொடங்குகின்றன. சாய்வுமானியாலோ கைப்பேசிச் செயலியாலோ இதனை அளக்கலாம். நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும், தலைக்கு மேலுள்ள சரிவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்து இயற்கை தரும் அறிகுறிகள். அண்மையில் நிகழ்ந்த சரிவின் தடம், காலடியில் பனி அமுங்கி எழும் 'உம்ப்' என்ற ஒலி, சறுக்குக் கட்டையிலிருந்து பாய்ந்தோடும் வெடிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் செங்குத்தான சரிவைத் தவிர்க்க வேண்டும். பலத்த காற்று, வானிலிருந்து விழும் பனியைவிடப் பன்மடங்கு வேகமாக மலையின் மறுபக்கத்தில் பனியைக் குவிக்கும். வானம் தெளிந்திருந்தாலும் இது நிகழும்.

மூன்றாவது, குழி தோண்டிப் பார்த்தல். அடுக்குகளின் கடினம் கைமுட்டி, நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்ற வரிசையில் எது உள்ளே நுழைகிறது என்பதைக் கொண்டு குறிக்கப்படுகிறது. நீள்தூண் சோதனையில் 90 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் கொண்ட பனித்தூண் வெட்டப்படும். அதன் ஒரு முனையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என 30 தட்டுகள் தட்டுவர். முறிவு மறுமுனை வரை ஓடினால் அச்சரிவு ஆபத்தானது. ஓடாவிட்டால் அது பாதுகாப்பானது என்று பொருளாகாது. சில மீட்டர் தொலைவிலேயே அடுக்குகள் மாறக்கூடும். இச்சோதனையைச் சரிவில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டாகக் கொள்வோர் பலர். அது இறங்காமலிருக்கக் காரணம் தேடும் கருவி மட்டுமே.

இந்தியாவில்

1969-ல் நிறுவப்பட்ட பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மணாலியை மையமாகக் கொண்டு இத்துறையை வளர்த்தது. 2020-ல் அது பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. சண்டிகரில் உள்ள இந்நிறுவனமே இமயமலைப் பகுதிகளுக்கான பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

காசுமீரின் குல்மார்க்கில் ரோப் கார் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை செல்கிறது. பழனியில் போல ஏறி இறங்குவது எளிது என்பதால், பல நாள் நடந்து அடைய வேண்டிய ஆபத்தான சரிவுகளைச் சில நிமிடங்களில் எட்டிவிடலாம். காவல் குழுவின் கண்காணிப்புக்கு அப்பாற்பட்ட சரிவுகளில் மதிப்பீடு அவரவர் பொறுப்பு. 2023 பிப்ரவரி 1 அன்று இம்மலையில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். 2024-ல் சனவரி இறுதி வரை பனி மிகக் குறைவாகவே பெய்திருந்தது. பிறகு கடும் பனி பொழிந்த பிப்ரவரியில், 22-ஆம் நாள் ரசிய நாட்டவர் ஒருவர் சரிவில் இறந்தார்.

சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று நிகழ்ந்தது வேறு வகையானது. சுமார் 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல் நிலையின்மேல் பெரும் பனிக்கட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. மதராசு படைப்பிரிவின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தனர்; அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர். இத்தகைய பனிக்கட்டி இடிவைக் குழிச் சோதனையால் அறிய இயலாது.

புதைந்தோரை மீட்டல்

புதைந்தவர் பெரும்பாலும் மூச்சுத்திணறலால் இறக்கிறார். முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரைமணி கடந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து மீட்புக்குழு வருவதற்குள் இந்நேரம் கடந்துவிடும் என்பதால், உடன் வந்தோரே தேட வேண்டும். இதற்காக ஒவ்வொருவரும் 457 கிலோ ஏர்ட்சு அலைவெண்ணில் இயங்கும் டிரான்சீவர், மடக்குக் கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் சுமந்து செல்வர். சோனத்தில் பிப்ரவரி 8 அன்று உயிருடன் மீட்கப்பட்ட லான்சு நாயக் அனுமந்தப்பா கொப்பத் மிக அரிய விதிவிலக்கு. அவர் பிப்ரவரி 11 அன்று தில்லி இராணுவ மருத்துவமனையில் காலமானார்.