பல்லுக்கு வழிவிடும் எலும்பு

மேலுதடு பிளந்து பிறந்த குழந்தையைக் கண்டால், கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்துவிட்டாள் என்று கூறுவோர் இன்றும் உளர். கிரகணம் என்பது நிழல். நிழலுக்கு உதட்டைப் பிளக்கும் ஆற்றல் ஏது? கருவின் முகம் தனித்தனி மேடுகளாகத் தோன்றிப் பின்னர் இணைகிறது. மேலுதட்டுப் பகுதி நான்காவது வாரத்திற்கும் ஏழாவது வாரத்திற்கும் இடையில் உருவாகிறது. ஓரிடத்தில் இணைப்பு தவறினால் பிளவு நிலைத்துவிடுகிறது.

உதட்டைப் பிறந்த சில மாதங்களிலும், அண்ணத்தை ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள்ளும் தைத்துச் சரிசெய்கின்றனர். பார்ப்பவர்களுக்குக் குறை தீர்ந்துவிட்டது. ஆனால் பல குழந்தைகளுக்கு ஈறுக்குள், பற்களைத் தாங்கும் மேல்தாடை எலும்பில், இடைவெளி அப்படியே இருக்கும். குடிக்கும் நீர் அதன் வழியே மூக்கிற்குள் கசியலாம். கோரைப்பல் இறங்கி வர அங்கே எலும்பு இல்லை.

இதையும் கைக்குழந்தைப் பருவத்திலேயே அடைத்துவிட்டால் என்ன? 1950களிலும் 1960களிலும் ஐரோப்பாவில் பலர் அவ்வாறே செய்து பார்த்தனர். ஆண்டுகள் சென்றபின், மேல்தாடை போதிய அளவு வளராமல் நின்றுவிட்டதைக் கண்டு பெரும்பாலோர் கைவிட்டனர். 1972இல் அமெரிக்காவின் பாய்ன், சாண்ட்ஸ் ஆகியோர் வேறு வழியை வெளியிட்டனர்: நிலையான கோரைப்பல் முளைக்கும் தறுவாய் வரை காத்திருங்கள்! அது பொதுவாக 8 முதல் 11 வயது. பல்லின் வேர் பாதிக்குமேல் வளர்ந்துவிட்டதா என்று எக்ஸ் கதிர்ப் படத்தில் பார்த்து நாள் குறிக்கின்றனர்.

எலும்பு, குழந்தையின் இடுப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. வெளி ஓட்டில் சிறு திறப்பு செய்து, உள்ளேயுள்ள பஞ்சு போன்ற எலும்பைச் சுரண்டி எடுத்துப் பிளவில் நிரப்பி, ஈற்றுத் தசையால் மூடித் தைப்பார்கள். அதன் நுண்துளைகளில் இரத்தக் குழாய்கள் விரைவில் புகுந்துவிடும். சில மாதங்களில் அது பக்கத்து எலும்போடு ஒன்றாகிவிடுகிறது.

காத்திருப்பதன் சூட்சுமம் இயற்பியலைச் சார்ந்தது. விசை தாங்கும் எலும்பு வலுக்கிறது. வேலையற்ற எலும்பு கரைகிறது. எடையின்றி மிதக்கும் விண்வெளி வீரரின் இடுப்பெலும்பு மாதத்திற்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு தேய்கிறது. ஒட்டிய எலும்பும் இதற்கு விலக்கன்று. பல் அதனூடே இறங்கினால், மெல்லும் ஒவ்வொரு கடியின் விசையும் வேரைச் சுற்றியுள்ள நார்கள் வழியே எலும்பிற்குச் சென்று அதை நிலைக்கச் செய்கிறது. எலும்பு பல்லுக்கு வழிவிடுகிறது. பல் எலும்பைக் காக்கிறது.

காலம் தாழ்த்தினாலும் கேடுதான். பிளவிற்குள் முன்னரே முளைத்துவிட்ட பல்லின் வெறும் வேர்மீது புதிய எலும்பு படிவதில்லை. உதடு நன்றாகிவிட்டதென்று மருத்துவரை மறந்துவிடும் பெற்றோர் பலர். 7 வயதில் எடுக்கும் ஒரு கதிர்ப் படம் போதும், கோரைப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.