முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால் ஏன் சுரீரென்கிறது?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பத்து நாள் சௌக்கியமா இருந்தேன். இப்போ கால்ல கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குதே வைத்தியரய்யா, எல்லாம் வீணாப் போச்சா?"

டிஸ்க் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்கள் பூதலூர் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. குனிந்து நடவு நட்டவர், நெல் மூட்டை தூக்கியவர், தினமும் தஞ்சாவூருக்கு ரயிலேறி நாற்காலி வேலை பார்த்தவர், எல்லோரும் இதில் உண்டு.

பயப்படாதீர்கள். பெரும்பாலும் வீணாகியிருக்காது.

இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் நரம்பை, பிதுங்கிய டிஸ்க் மாதக்கணக்கில் நசுக்கியிருக்கும். ஆபரேஷனில் அந்த அழுத்தம்தான் நீங்குகிறது. நரம்பு பட்ட காயம் ஆற நாளாகும். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால், மரத்த கால் ஊசி குத்துவதுபோல் குத்திவிட்டுத்தானே சரியாகிறது? ஏறக்குறைய அப்படித்தான். ஆபரேஷன் செய்த இடத்து வீக்கமும் நரம்பை உறுத்தும். சேதமான நரம்பு இழை மறுபடி வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்! சிலருக்குச் சில வாரங்களில் அடங்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட இழுக்கும். நாளுக்கு நாள் வலி ஏறிக்கொண்டே போனால் மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டிவிடுங்கள். டிஸ்க் மறுபடி பிதுங்குவதும் உண்டு.

நரம்பு வலி சாதாரண வலி மாத்திரைக்குச் சரியாக அடங்காது. அதனால்தான் கபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றைத் தருகிறார்கள். "இது வலிப்புக்குக் கொடுக்கிறதாச்சே" என்று மிரண்டு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தக்கூடாது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம்.

இனி என் வைத்தியத்துக்கு வருகிறேன். இழுக்கும் வலியை வாதம் என்போம். வாதத்துக்கு எண்ணெய் என்பது பாட்டிமார்களுக்கும் தெரியும். ஆனால் தையல் போட்ட முதுகில் தைலம் வைத்துத் தேய்க்காதீர்கள். பேரனை விட்டு மிதிக்கச் சொல்வது, சுளுக்கு வழிப்பது, வர்மம் தட்டுவது கூடவே கூடாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். நொச்சியிலை ஒத்தடம்கூட காயம் நன்றாக ஆறி, டாக்டர் சம்மதித்த பிறகுதான். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கிளம்பின பிறகுதான் தெரியும். சர்க்கரைக்காரர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதை! சூரணம், லேகியம் எதையும் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டாம்.

படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காராதீர்கள். படுத்தே கிடப்பதும் தப்பு. சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள், வரப்பு மேல் வேண்டாம். முக்கினால் வலி சுண்டும் என்பதால் கீரை, வாழைத்தண்டு, தண்ணீர் தாராளமாக இருக்கட்டும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காயத்தில் சீழோ தண்ணீரோ கசிந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, "விடியட்டும், காலை ரயிலில் போகலாம்" என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ ஆபரேஷன் செய்த இடத்துக்கோ போய்விடுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டும் ஸ்கேன் படமும் கையோடு இருக்கட்டும்.