விசை எவ்வளவு இலேசாக இருக்க வேண்டும்?

பல்கலைக்கழகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்துவிட்டேன் என்றதும் அம்மா, "படிக்க அனுப்பினால் துப்பாக்கியா பிடிக்கிறாய்?" என்றார். நான் பிடிப்பது காற்றுத் துப்பாக்கிதான். பத்து மீட்டர் தூரத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் பொட்டின் குறுக்களவோ அரை மில்லிமீட்டர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டது இந்தப் போட்டியில்தான்.

இவ்வளவு சிறிய பொட்டைக் குறிபார்க்கும்போது கண்ணைவிட விரல்தான் அதிகம் கெடுக்கிறது. எனக்குக் கிடைத்த பழைய துப்பாக்கியின் விசை கனமானது. அழுத்த அழுத்த, மணலில் சாக்கை இழுப்பதுபோல் நகரும். எப்போது வெடிக்குமென்று தெரியாமல் கடைசியில் வெடுக்கென்று இழுத்துவிடுவேன். குண்டுகள் வலப்பக்கம் கீழே போயின. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குத் தேர்வு நடக்க மூன்று வாரமே இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் நெம்புகோல் படித்தோம், நினைவிருக்கிறதா நண்பர்களே? இடைநிலைப்பள்ளியில் அதுவே 'துவாஸ்' ஆனது. விசையும் ஒரு நெம்புகோல்தான். உள்ளே ஒரு சிறு சுத்தியல் சுருள்வில்லின் பலத்தோடு பாயக் காத்திருக்கிறது. ஓர் எஃகு விளிம்பு அதைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. விசையை அழுத்தினால் விளிம்பு வழுக்கி விலகும். சுத்தியல் வால்வைத் தட்ட, அடைபட்ட காற்று குண்டைத் தள்ளும். விளிம்புகளின் பிடிப்பு அதிகமானால் நான் சொன்ன மணல் இழுப்பு. குறைத்தால் முறுக்கு ஒடிவதுபோல் பட்டென்று விடுபடும். மேலும் குறைத்தால், துப்பாக்கியைச் சற்றே தட்டினாலும் தானாக வெடித்துவிடும். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும் என்பதால், விடுதி அறையில் திருகாணியோடு விளையாடும் எண்ணமே வேண்டாம்.

பயிற்றுநர் புதிய விசைத் தொகுதியைப் பொருத்தினார். இதற்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் விசை எளிதாகப் பின்னால் வந்து ஒரு சுவரில் முட்டும்; அங்கிருந்து கொஞ்சம் அழுத்தினால் வெடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் திருகாணி. வெடித்தபின் விசை மேலும் ஓடாமல் நிறுத்த இன்னொன்று.

அனைத்துலக விதிப்படி காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. ரைஃபிளுக்கு அந்த வரம்பு இல்லை. அப்படியானால் இருப்பதிலேயே இலேசாக வையுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வைத்துக் கொடுத்தார். மூன்றாவது குண்டு, நான் குறிபார்த்து முடிப்பதற்குள் போய்விட்டது. முனை இலக்கை நோக்கியே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. விசையில்தான் கோளாறு என்று சாதித்தேன். அவர் துப்பாக்கியில் குண்டும் காற்றும் இல்லை என்று உறுதிசெய்து, விசையை ஏற்றி, கட்டையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். விசை அசையவில்லை. விரல்தான் சுவரைத் தேடாமலே தாண்டியிருக்கிறது.

பிறகு முனையை மேலே நிமிர்த்தி, விசையில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டு அளந்து மாற்றினார்: முதல் கட்டத்துக்கு 80 கிராம், இரண்டாவதுக்கு 40. "பெலான்-பெலான்" என்றார். இரண்டு வாரம் குண்டில்லாமல் வெற்றுச் சுவரைப் பார்த்து அழுத்திப் பழகினேன். அறைத்தோழர்களுக்கு நல்ல வேடிக்கை.

தேர்வில் 60 குண்டுகளில் நான்குதான் வலப்பக்கம் கீழே போயின. கடைசி இடத்தில் என் பெயரும் வந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "யார்மேலும் படாதல்லவா?" என்று மட்டும் கேட்டார்.