செயலியின் தரவிறக்க அளவு

செயலியின் தரவிறக்க அளவு என்பது, ஒரு செல்பேசிச் செயலியைச் செயலிக் கடையிலிருந்து பெறும்போது பயனரின் இணையத் தரவில் செலவாகும் அளவு ஆகும். இது பெரும்பாலும் மெகாபைட்டில் குறிக்கப்படுகிறது. செயலியை வெளியிடும் முன் இதனை அளந்தறிதல் மென்பொருள் உருவாக்கத்தின் இறுதிக்கட்டப் பணிகளுள் ஒன்று.

மூன்று அளவுகள்

ஒரே செயலிக்கு மூன்று அளவுகள் உண்டு. உருவாக்குநர் கடைக்கு ஏற்றும் கோப்பின் அளவு முதலாவது. சுருக்கப்பட்டுப் பயனரை வந்தடையும் தரவிறக்க அளவு இரண்டாவது. நிறுவிய பின் செல்பேசியில் பிடிக்கும் இடம் மூன்றாவது. இது பொதுவாகத் தரவிறக்க அளவினும் மிகுதி. முதலாம் அளவையே தரவிறக்க அளவாகக் கொள்வது தவறாகும்.

கூகுள் 2018 இல் அறிமுகப்படுத்திய ஆண்ட்ராய்டு ஆப் பண்டில் முறை, 2021 ஆகஸ்ட் முதல் கூகுள் பிளேயில் புதிய செயலிகளுக்குக் கட்டாயமானது. இம்முறையில் செல்பேசியின் செயலி வன்பொருள் வகை, திரை அடர்த்தி, மொழி ஆகியவற்றுக்குரிய பகுதிகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. எனவே ஒரே செயலியின் தரவிறக்க அளவு செல்பேசிக்குச் செல்பேசி வேறுபடும்.

அளக்கும் முறை

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலுள்ள ஏபிகே அனலைசர், கோப்பளவையும் மதிப்பிட்ட தரவிறக்க அளவையும் காட்டும். எப்பகுதி எவ்வளவு இடம் கொள்கிறது என்பதையும் இதில் காணலாம். பண்டில்டூல் என்னும் கருவி, வெவ்வேறு செல்பேசிகளுக்கான மிகக் குறைந்த, மிகக் கூடிய அளவுகளைக் கணித்துத் தரும். ஐபோன் செயலிகளுக்கு எக்ஸ்கோடு மென்பொருள் இத்தகைய அறிக்கையைத் தருகிறது.

முக்கியத்துவம்

60 மெகாபைட்டு என்பது 480 மெகாபிட்டு. நொடிக்கு 2 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பில் இதனை இறக்க 4 நிமிடங்கள் ஆகும். 10 மெகாபைட்டுச் செயலிக்கு 40 நொடிகள் போதும். மெதுவான இணைப்புகளைக் கருதி 2015 இல் வெளியான பேஸ்புக் லைட், அப்போது 1 மெகாபைட்டுக்கும் குறைவாக இருந்தது.

தமிழ் இடைமுகம்

யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொள்ளும். 'கயத்தாறு' என்னும் சொல்லில் 8 குறியீடுகள் உள்ளன. ஆகவே அது 24 பைட்டுகள். எனினும், சொற்றொடருக்கு 30 குறியீடுகள் வீதம் 1000 சொற்றொடர்கள் கொண்ட இடைமுகம் 90,000 பைட்டுகளே. சுருக்கும்போது இன்னும் குறையும். செயலியைப் பருக்கச் செய்பவை பெரும்பாலும் படங்கள், ஒலிக்கோப்புகள், நிரல் நூலகங்கள் ஆகியனவே.

ஆப் பண்டில் முறையில், செல்பேசியின் மொழி ஆங்கிலமாக இருப்பின் தமிழ்ப் பகுதி இறங்காமல் போகலாம். அப்போது செயலிக்குள் தமிழைத் தெரிவு செய்தாலும் ஆங்கிலமே தோன்றும். மொழிவாரிப் பிரிப்பை நிறுத்திவைத்தால் இக்குறை நீங்கும். ஆனால் செயலியிலுள்ள எல்லா மொழிகளும் சேர்ந்தே இறங்கும். அதனால் கூடும் அளவையும் வெளியிடும் முன் அளந்து பார்த்தல் வேண்டும்.