கண்ணாடி அறைக்குள் ஒரு சங்கீதக்காரர்

தமிழில் 'தயாரிப்பாளர்' என்றதும் பணப்பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு முதலாளியின் உருவமே கண்முன் வந்து நிற்பதால், லத்தீன் கிராமி என்னும் இசை விருது விழாவில் ஆண்டுதோறும் சிறந்த தயாரிப்பாளருக்கு ஒரு பரிசு உண்டென்று கேள்விப்படுகிற வாசகர், பணம் போட்டவருக்குமா சங்கீத விருது என்று புருவத்தை உயர்த்தக்கூடும். இசைத் தயாரிப்பாளர் அந்த ஜாதியைச் சேர்ந்தவர் அல்லர். எந்த வாத்தியம் முன்னே நிற்பது, எது அடங்கி ஒலிப்பது, பாடகர் பத்துத் தரம் பாடியதில் எதை வைத்துக்கொண்டு எதைத் தள்ளுவது என்பனவற்றையெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துக் கண்ணாடி அறைக்குள் இருந்து தீர்மானிக்கிறவர் இவரே.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் விழாவில் இப்பரிசைப் பெற்றவர் எமிலியோ எஸ்தெஃபான். கியூபாவில் பிறந்து, இளமையிலேயே தாயகம் துறந்து, மயாமியில் ஒரு மது நிறுவனத்தின் தபால் பிரிவில் ஊழியம் பார்த்துக்கொண்டே அக்கார்டியன் வாசித்த அவர், பிற்பாடு தம் மனைவி குளோரியாவின் குரலோடு கியூபத் தாளத்தையும் அமெரிக்க வானொலிக்குள் குடியேற்றினார். மறு ஆண்டு விழாவுக்குக் குறித்த நாள் செப்டம்பர் 11. அன்றைய பயங்கரத்தில் மேடையே எழவில்லை.

2005-இல் வென்ற அர்ஜென்டினாவின் குஸ்தாவோ சாந்தாவோலாயா மெக்ஸிகோவின் காஃபே தகூபா குழுவினருக்கும் கொலம்பியாவின் ஹுவானேஸுக்கும் இசைத்தட்டுகளை உருவாக்கியவர். ஆண்டீஸ் மலைநாட்டு ரொன்ரோகோ என்னும் சிறு தந்தி வாத்தியத்தின்மீது அவருக்குள்ள மோகம் தனிக்கதை.

இவர்களுடைய வித்தையைக் காதாலேயே அறிய விரும்புகிறவர்கள் 2023-இல் வெளிவந்த 'உன் போர் சியெந்தோ' என்ற பாட்டைக் கேட்கலாம். கைப்பேசியில் மின்சாரம் ஒரு சதவீதமே எஞ்சியிருக்க, அதையும் பிரிந்துபோன காதலியிடம் பேசவே செலவிடும் ஒருவனின் புலம்பல் அது. டெக்ஸாஸ் எல்லைப்புறத்து அக்கார்டியன் கும்பியா இசையைப் பாடும் குருப்போ ஃப்ரொந்தேரா குழுவினரையும், நகர்ப்புற ரெகெதோன் இசைக்குப் பேர்போன போர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னியையும் ஒரே பாட்டுக்குள் தையல் தெரியாமல் இணைத்தவர் எட்கர் பரேரா. அவ்வாண்டு, அமெரிக்காவை விட்டு முதன்முறையாக வெளியே சென்று ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த விழாவில், தயாரிப்பாளர் பரிசு அவருக்கே கிட்டியது.

இப்பரிசை வென்ற முதல் பெண், காரகாஸில் பிறந்து டிரம்பெட் வாசித்து வளர்ந்த லிண்டா பிரிசேன்யோ, ஆண்டு 2018. பாடகிகளுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு சங்கீத உலகம், அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு இப்பரிசை அளிக்க 18 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது அநியாயம்தான்.